தலைமாட்டில் செங்கல்

ஜூன் 9

டாக்டர் எஸ்தர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டேன், எப்போது படுத்தேன், தூக்கம் எப்படி என்று தினமும் குறித்து, அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம். நான் நடத்துகிற டிரைவிங் ஸ்கூல் மேசையில் கிடந்த டைரி இது. பாதி வருஷத்துத் தாள் வெறுமையாகப் போய்விட்டது.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகப் படுத்தால் நெஞ்சு எரிகிறது. புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறிவந்து, இருமிக்கொண்டே எழுந்து உட்கார்கிறேன். சோடா, சீரகத் தண்ணீர், இஞ்சிச் சாறு, மெடிக்கல்காரர் எடுத்துக்கொடுத்த மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மொழிதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மொழி என் மனைவி. முழுப்பெயர் குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்மன் பெயர். அத்தனை நீளத்துக்கு யார் கூப்பிடுவது.

டாக்டர் முதலில் இதயத்தைத்தான் பார்த்தார். இ.சி.ஜி., எக்கோ, ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டு ஒரு சோதனை. எதிலும் பழுதில்லை. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரைப்பைக்கு மேல கதவு மாதிரி ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அது தளர்ந்துபோச்சு. படுத்தா அமிலம் மேல ஏறுது. பயப்பட ஒண்ணுமில்ல. பழக்கத்தை மாத்தினாப் போதும்."

"தூக்கத்துல ஒண்ணும் ஆயிராதுல்லா டாக்டர்?" என்றாள் மொழி.

"ஆகாதும்மா."

வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய் அதையே இன்னொரு தடவை கேட்டாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஜூன் 10

டாக்டர் சொன்னவை: ராத்திரிச் சாப்பாடு விளக்கு வைக்கிற நேரத்திலேயே முடிந்துவிட வேண்டும். சாப்பிட்டுக் குறைந்தது மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலில் தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும். இடதுபக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். டீயைக் குறைக்க வேண்டும். தொப்பையையும்தான். காலையில் வெறும்வயிற்றில் ஒரு மாத்திரை.

இன்று ராத்திரி இட்லி, எள்ளுப்பொடி. பொழுது முழுதும் சாயும்முன் இலையில் உட்கார்ந்தது நோயாளி மாதிரி இருந்தது.

ஜூன் 13

தலையணை மேல் தலையணையாக வைத்துப் படுத்துப் பார்த்தேன். எரிச்சல் குறையவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது. இன்று வகுப்பில் திரும்பிப் பார்க்க முடியாமல் கண்ணாடியை வைத்தே சமாளித்தேன். எதிர்வீட்டு ஜுனைதா கார் ஓட்டப் பழகுகிறாள். கைக்குழந்தைக்காரி. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு காலையில் வருவாள். ரிவர்ஸ் எடுக்கும்போது, "நீங்க திரும்பிப் பாக்கச் சொல்லுதிய, நீங்க பாக்க மாட்டேங்கியளே அண்ணாச்சி" என்றாள்.

ஜூன் 14

டாக்டருக்குப் போன் செய்தேன். தலையணை கூடாதாம். வயிறு மடங்கி இன்னும் அழுத்துமாம். கட்டில் காலுக்கு அடியில் கட்டை கொடுத்து, இடுப்பிலிருந்தே சரிவாக இருக்கும்படி உயர்த்தச் சொன்னார்.

பின்பக்கம் மதில் கட்டி மீந்த செங்கல் கிடந்தது. கழுவிக் காயவைத்து, சாக்கு சுற்றி, தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் வைத்தேன். கட்டிலை நான் தூக்க, மொழி செங்கலைத் தள்ளினாள். தேக்குக் கட்டில். அவள் அப்பா சீராகக் கொடுத்தது. கனம் அப்படி.

ஜூன் 15

விடியும்போது இருவரும் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தோம். மொழிக்குச் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஆனால் எரியவில்லை.

ஜூன் 18

கோரைப்பாயை மெத்தைக்கு மேல் விரித்ததில் வழுக்குவது குறைந்தது. ராத்திரி தோசை, எண்ணெய் தொட்டும் தொடாமலும். நல்ல தூக்கம். ஒரே ஒரு தடவை விழித்தேன். மொழி பக்கத்தில் இல்லை, பின்கட்டுக்குப் போயிருப்பாள். மறுபடி தூங்கிவிட்டேன்.

ஜூன் 22

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்கு வந்த பழைய கூட்டாளிகள் இருவர் செங்கோட்டைப் பக்கம் பரோட்டா தின்னக் கூப்பிட்டார்கள். டாக்டர் படிப்பார் என்பதால் உண்மையை எழுதுகிறேன். பரோட்டா, சால்னா, பொரித்த கோழி. வந்ததும் படுத்துவிட்டேன்.

ஜூன் 23

எழுத வேண்டியதில்லை. செங்கல் என்ன செய்யும் பாவம்.

மொழி கோபப்படவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு, "எரியுதா, வலிக்கா? சரியாச் சொல்லுங்க. கைக்கு இறங்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எரிகிறது என்றேன். எரிச்சல்தான் என்று டாக்டரே சொல்லியாயிற்றே. அவள் முகம் வெளிறிக் கிடந்தது. இனிமேல் வெளியில் ராத்திரிச் சாப்பாடு இல்லை.

ஜூன் 29

ஒரு வாரமாக ஒழுங்காக இருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் கூட்டாஞ்சோறோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு, தெருவில் பெருமாள் கோவில்வரை நடந்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரில் விட்டுப்போன பக்கங்களையெல்லாம் படிக்கிறேன். பிறகு இடதுபக்கம் சாய்ந்தால் விடியும்வரை நினைவில்லை. இப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று.

இன்று மொழி சொதியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். அவளும் ஐம்பதைத் தாண்டிவிட்டாள்.

ஜூலை 4

காலையில் மொழி, "ராத்திரி ரெண்டு மூணு தடவ இருமுனியளே, தொண்டைக்கு வந்துச்சோ?" என்றாள். எனக்கு இருமிய நினைவே இல்லை. என்னவோ இவளுக்குக் காது அப்படி.

வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றினேன். படிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மிதி மிதித்தால் என்ன ஆகும்.

ஜூலை 9

மகள் பூரணி ஓசூரிலிருந்து பேசினாள். "அம்மா குரல் ஏன்ப்பா ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறாள், எனக்காகச் சீக்கிரம் சமைக்க வேண்டியிருப்பதால் அலைச்சல் என்றேன். "ஆடித் தபசு வருதுல்லாப்பா, அதான் கேட்டேன்" என்றாள்.

மொழியின் அண்ணன் ஆவுடையப்பன் சங்கரன்கோவிலில் மாவுமில் வைத்திருந்தார். மனைவி சண்முகவடிவு, மொழிக்கு மைனி. போன வருஷம் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மொழி அங்கே போயிருந்தாள். எனக்கு வகுப்பு இருந்ததால் நான் போகவில்லை. சப்பரம் பார்த்துவிட்டு வந்து படுத்த மனுஷன் காலையில் எழுந்திருக்கவில்லை. கஷ்டப்படாத சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். தலை வருஷத் திதி தபசுக்கு மறுநாள் வருகிறது. போக வேண்டும். மொழி இன்னும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 15

டாக்டரிடம் போனோம். கூட்டம். மொழி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். டோக்கன் கூப்பிட்டும் எழவில்லை. தோளைத் தட்டியதும் திடுக்கிட்டு எழுந்தவள், என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் கூப்பிடுதாங்க" என்று நான் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள்.

டாக்டர் டைரியைப் புரட்டிப் பார்த்தார். பரோட்டா பக்கத்தில் சிரித்தார். "நல்ல முன்னேற்றம். உங்க வீட்டம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்." சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

ஜூலை 19

இன்று வகுப்பில் ஜுனைதா ஆஸ்பத்திரி ரோட்டில் நன்றாக ஓட்டினாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டாள்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதிய. அக்காவுக்கு மேலுக்கு முடியலையா?"

"ஏம்மா?"

"பிள்ளைக்குப் பால் குடுக்க ராத்திரி எந்திரிப்பேன்லா. எப்ப எந்திரிச்சாலும் உங்க ஜன்னல்ல அக்கா உக்காந்திருக்கது தெரியுது. எம்பிள்ளையாவது நடுவுல தூங்கும். அக்கா தூங்கவே மாட்டேங்காவ."

அடுத்த வகுப்பை ரத்து செய்துவிட்டேன்.

ஜூலை 20

மொழியிடம் கேட்டேன். "புழுக்கமா இருந்துச்சு, காத்துக்கு உக்காந்தேன்" என்றாள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி காயாமல் நாற்றம் எடுக்கிறது. புழுக்கமாம்.

ஜூலை 21

நேற்று ராத்திரி தூங்குவதுபோல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை இடதுபக்கம், என் முகம் தெரிகிற இடத்தில், சத்தமில்லாமல் போட்டு உட்கார்ந்தாள். போர்வைக்கு மேல் என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஒரு தடவை குனிந்து, என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். விரல் சில்லென்று இருந்தது.

ஏனோ கண்ணைத் திறக்கவில்லை.

இத்தனை நாள் இந்த டைரியில் 'நல்ல தூக்கம்' என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 22

நானும் தூங்கவில்லை. அவளும் தூங்கவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஜூலை 24

இன்று மத்தியானம் காய்கறி வாங்கப் போவோம் என்று மொழியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகாமல், எட்டுப் போட்டுப் பழக்குகிற மைதானத்துக்குப் போனேன். யாரும் இல்லை. எஞ்சினை நிறுத்தினேன். கண்ணாடியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, எனக்கு எல்லாம் தெரியும். ஏன் தூங்க மாட்டேங்க?"

அவள் நேராக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

"அண்ணனும் இதேதான் சொன்னான்" என்றாள். "அன்னைக்குச் சப்பரம் பாத்துட்டு வந்து, நெஞ்சு எரியுது மொழி, கண்டதத் தின்னுட்டேன்னான். மைனி சோடா வாங்கிக் குடுத்தா. குடிச்சிட்டு ஏப்பம் விட்டான். சரியாப் போச்சு, படுங்கன்னு சொல்லிட்டு முன்னால பட்டாசல்ல படுத்தான். நானும் மைனியும் உள்ளறைல. நடந்த அலுப்பு."

நிறுத்தினாள். முந்தானையால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

"அன்னைக்குத் தூங்குன மாதிரி நான் எங்கயும் தூங்குனதில்லைங்க. கனவுகூட இல்ல. முழிக்கும்போது மேலெல்லாம் லேசா இருந்துச்சு. எந்திரிச்சு, பல்லு வெளக்கி, காப்பியும் குடிச்சிட்டேன். அண்ணன் அசந்து தூங்குதான், எழுப்ப வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் கேட்டதும் இல்லை. 'கஷ்டப்படாத சாவு' என்று இவளிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"எனக்கு அது இல்ல மொழி. எல்லாம் எடுத்துப் பாத்தாச்சே. நீயும்தான் கூட இருந்த."

"தெரியுது. மண்டைக்குத் தெரியுது. கண்ணை மூடுனா பயமா வருது. நான் தூங்குனா ஏதோ ஆயிரும்னு இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் காய்கறி வாங்கினோம். கத்தரிக்காய் நன்றாக இருந்தது.

ஜூலை 25

பூரணி இருந்த அறையில் போய்ப் படு என்றேன். போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி சத்தம் கேட்டது.

ஜூலை 26

டாக்டரிடம் போனில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒருநாள் அவளையும் கூட்டிவரச் சொன்னார். "அவங்களைத் தூங்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க. தனியா விடாதீங்க. அவ்வளவு போதும் இப்போதைக்கு" என்றார்.

ஜூலை 27

இன்று சாப்பிட்டு நடந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காரும்போது ஒன்று தோன்றியது. எப்படியும் நான் படுக்கக் கூடாத நேரம் இது. முழித்துக்கொண்டு நிமிர்ந்துதான் உட்கார வேண்டும்.

"மொழி, வந்து இப்பமே படு" என்றேன். "நான் இங்க பேப்பர் படிச்சிட்டு இருக்கேன். நான் படுக்கும்போது உன்னய எழுப்புதேன். அப்புறம் நீ உக்காரணும்னா உக்காந்துக்க."

"இப்பமேவா? ஊரெல்லாம் முழிச்சிருக்கே."

"அதான் நல்லது."

படுத்தாள். கண்ணை மூடவில்லை. நான் பேப்பரைச் சத்தமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு என் சத்தம் கேட்க வேண்டும். கட்டுரை எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒரு தடவை பார்த்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கினாளா என்று தெரியாது.

ஜூலை 28

சொன்னபடி எழுப்பினேன். "நான் தூங்கவே இல்லியே" என்றாள். குறட்டை விட்டதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1

ராத்திரி உளுந்தங்கஞ்சி. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம், எதிர்வீட்டில் டி.வி. சத்தம் எல்லாம் இருக்கும்போதே மொழி தூங்கிவிடுகிறாள். பேப்பர் தீர்ந்துபோனால் பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டுகிறேன். எழுப்புகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுகிறேன். அவள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

எழுந்த பிறகு நாற்காலிக்குத்தான் போகிறாள். ஆனால் விடியும்முன் திரும்பவும் படுக்கிறாள். நேற்று ஜுனைதா, "ஜன்னல்ல இப்பம் கொஞ்ச நேரந்தான் ஆள் தெரியுது அண்ணாச்சி" என்றாள். அவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5

மொழி சங்கரன்கோவிலுக்கு வரவில்லை என்றாள். அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்றாள். நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரட்டுமாம். வற்புறுத்தவில்லை. ராத்திரி அவளாகவே வந்து, "மைனி தனியாக் கெடப்பா" என்றாள். புடவையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8

சங்கரன்கோவிலில் இருந்து எழுதுகிறேன். டைரியைப் பையிலேயே வைத்திருந்தேன்.

காலையில் வந்து சேர்ந்தோம். நேற்றுத் தபசுக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. ரோடெல்லாம் பலூன்காரர்கள். ஆவுடையப்பன் மனைவி சண்முகவடிவு வாசலிலேயே நின்றிருந்தார். மொழி, அண்ணன் படுத்திருந்த முன்கூடமான பட்டாசலுக்குள் நுழையாமல், பக்கவாட்டுச் சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டாள். திதி கொடுத்து முடியும்வரை அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

இலை எடுத்த பிறகு நான் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மொழி அழுதுகொண்டிருந்தாள். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மொழி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நான் எழுப்பியிருக்கணும் மைனி. எழுப்ப வேண்டாம்னு சொன்னதே நாந்தான்."

சண்முகவடிவு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை. வியர்வைதான்.

"நீ சொல்லும்போதே அவுக போயி ரொம்ப நேரம் ஆயிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு மொழி. ஒங்கிட்ட யாரும் சொல்லலையா?"

மொழி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"நானுந்தான் தூங்குனேன். பொண்டாட்டி நானு. ஒரு வருஷமா வாரவுக எல்லாம் தூக்கத்துல போனாவ, குடுத்துவச்சவுகன்னு சொல்லிட்டுப் போறாவ. நீ அன்னைக்குத் தூங்குனியா, இன்னைக்குத் தூங்குதியான்னு ஒருத்தரும் கேக்கல." முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தண்ணி வேணும்னாலே தெருவுக்குக் கேக்க சத்தம் போடுத மனுஷன். அன்னைக்கு ஒரு முனகல்கூட இல்ல. அவுகளும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தாவ, மொழி. நாம மூணு பேருந்தான் தூங்குனோம்."

மொழி அவர் மடியில் சாய்ந்துவிட்டாள். நான் கையைக் கழுவாமலே உள்ளே வந்துவிட்டேன்.

மத்தியானம் வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தார்கள். வடை, பாயசம், அவியல் என்று சாப்பிட்ட சாப்பாடு அப்படி. எனக்கும் ஒருவர் பாய் விரித்துக் கொடுத்தார். எனக்கு இப்போது படுக்கக் கூடாது, உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

மொழியும் சண்முகவடிவும் பட்டாசலில் படுத்திருக்கிறார்கள். அங்கே போய்ப் படுத்தது மொழிதான். மைனியையும் கையைப் பிடித்து அவள்தான் கூப்பிட்டாள். சுவரோரம், தலைக்கு முந்தானையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் முகம் பட. மின்விசிறி சத்தம் போடுகிறது. நாலரை வண்டிக்குக் கிளம்புவதாக இருந்தது. வண்டி போயிருக்கும். அடுத்த வண்டி இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பூரணி போன் செய்தாள். சத்தம் கேட்டுவிடுமென்று வாசலுக்கு எழுந்து போய்ப் பேசினேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாப்பா? அம்மாகிட்ட குடுங்க."

"அம்மா தூங்குதா."

"அங்கயா?"

"ஆமா. மாமா படுக்கிற இடத்துல."

"எழுப்பாதீங்கப்பா" என்றாள்.

"எழுப்பல" என்றேன்.